கேட்டுச் சென்றவர்கள்

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. தவக்காலத்தின் நான்காம் வாரம். பங்குனி வெயில் ஓட்டுக் கூரையையும் ஊடுருவி இறங்கும் பிற்பகல் வேளை. கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பங்கு மண்டபத்தில் நாம் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தோம். எதிரே பாய் விரித்துப் பதினெட்டு இருபது பெண்கள். பக்கத்தில் நாற்காலிகளில் ஐந்து இளைஞர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிக மேலாண்மைப் பள்ளியில் எம்.பி.ஏ. முதலாண்டு பயில்பவர்கள் அவர்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, தான் செய்யும் குடிநீர் வடிகட்டியை மீனவக் குடும்பங்களுக்கு வாரத் தவணையில் விற்க இயலுமா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்திருந்தது. மாணவர்களுக்கு அது பாடம். அதற்கு மதிப்பெண் உண்டு. நிறுவனத்துக்கு அது ஆலோசனை. ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்ற முறையில் பங்குத்தந்தை நம்மை அழைத்து, மூன்று நாள் உதவுமாறு கேட்டுக்கொண்டார்.

இளைஞர்கள் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செருப்பை வாயிலில் கழற்றிவிட்டு வந்தார்கள். கொடுத்த தேநீரை மறுக்கவில்லை. பெண்களின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர், யார் சுமப்பது, லாரித் தண்ணீருக்கு என்ன விலை, கொதிக்க வைப்பதுண்டா, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கடைசியாக எப்போது வந்தது, வாரத்தில் கையில் என்ன மிஞ்சும், அதில் எவ்வளவு கொடுக்க முடியும் என்று வினாக்கள் வரிசையாக வந்தன. மீன் விற்கும் தாயொருவர் அலுமினியச் சட்டியை அருகில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். மகனை மருத்துவமனையில் சேர்த்த கதை வந்தது. அதற்காக வாங்கிய கடன் வந்தது. அக்கடனுக்கு இன்னும் கட்டிவரும் வட்டியும் வந்தது. கூடப் பிறந்தவர்களிடமும் சொல்லத் தயங்கும் கணக்கை முன்பின் அறியாத ஐவரிடம் சொல்கிறோமே என்ற கூச்சம் அவர் குரலில் இருந்தது. சொல்லி முடித்தபின் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "சார், எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்களே. இத வச்சு என்ன செய்வாங்க? நமக்கு எப்ப வந்து சொல்லுவாங்க?"

எளிய கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டே வரி. நாம் அதை மொழிபெயர்க்கவில்லை. விருந்தாளிகளைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று எண்ணினோமா, விடை நமக்கே தெரிந்திருந்ததால் வாய் எழவில்லையா என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. "சொல்லுவாங்கம்மா" என்று அவருக்கு நாமே பதில் சொல்லிவிட்டோம். என்ன கேட்டார் என்று மாணவி ஒருவர் ஆவலோடு வினவியபோது, "மறுபடியும் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்" என்றோம். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். அறிக்கை நிறுவனத்துக்குப் போயிற்று. ஒரு படி பேராசிரியருக்குப் போயிற்று. நல்ல மதிப்பெண் கிடைத்ததாக அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டையில் ஒருவர் எழுதியிருந்தார். அறிக்கையில் என்ன இருந்தது என்று அவரும் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. அது இரகசிய ஆவணம். வடிகட்டி அந்த ஊருக்கு வரவில்லை.

இத்தகைய பயணங்கள் இன்று அரிதானவை அல்ல. வணிக நிர்வாகத்துக்கென முதுகலைப் பட்டம் வழங்கும் பள்ளியை ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1908-இல் தொடங்கியது. பின்னர் அங்கே வளர்ந்த பாடமுறை, ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த சிக்கலை எழுத்தில் வடித்து, வகுப்பறையில் அதை அலசுவது. அறைக்குள் இருந்தபடியே உலகத்தின் தலைவலிகளுக்கெல்லாம் மருந்து எழுதிப் பழகும் முறை என்று அதைச் சொல்லலாம். இது போதாது, மாணவர் களத்தில் இறங்க வேண்டும் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி 1992-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டு மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஏழு வார காலம் உண்மையான ஒரு நிறுவனத்தின் உண்மையான ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடுவார்கள். குழுக்கள் பல கடல் கடந்தும் செல்லும். எம்.ஐ.டி. நிறுவனத்தின் மேலாண்மைப் பள்ளி 2000-இல் இதுபோன்றதொரு பயிற்சியைத் தொடங்கி, வளரும் நாடுகளின் தொழில் நிறுவனங்களுக்கு மாணவரை அனுப்பியது. இந்தியரான நிதின் நோரியா ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் தலைவராயிருந்த காலத்தில், 2012 ஜனவரியில், அப்பள்ளியின் முதலாண்டு மாணவர் ஏறத்தாழ 900 பேர் ஒரே சமயத்தில் பல நாடுகளுக்குப் பயணமானார்கள். ஆறு ஆறு பேராக, ஒவ்வொரு குழுவும் ஒரு நிறுவனத்துக்காக.

ஏற்பாடு பெரும்பாலும் எங்கும் ஒன்றே. நிறுவனம் கேள்வியைத் தருகிறது. பல வேளைகளில் பயணச் செலவையும் தருகிறது. மாணவர் உழைப்பைத் தருகிறார்கள். பேராசிரியர் மேற்பார்வை செய்கிறார். இறுதியில் ஓர் அறிக்கை, ஒரு விளக்கவுரை, கைகுலுக்கல். மூவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. நான்காவதாக ஒருவர் இருக்கிறார். தம் வீட்டின் குடக்கணக்கையும் கடன்கணக்கையும் சொன்னவர். ஏற்பாட்டில் அவருக்கு இடமில்லை என்று சொல்வது மிகையாகாது. அவரில்லாமல் அறிக்கையில் ஒரு பக்கமும் இல்லை என்பதும் மிகையாகாது.

இதைச் சொல்லும்போதே மனம் மறுபக்கத்தையும் எண்ணுகிறது. ஏழையிடம் போய் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டவர் யார்? அரசு அலுவலர் கேட்டதில்லை, கடைக்காரர் கேட்டதில்லை, மன்னிக்கவும், நாமும் பல வேளை கேட்டதில்லை. தொலைநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் தரையில் அமர்ந்து கேட்கிறார்கள் என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இவ்வாறு எண்ணியவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூரில் பிறந்து, நம் சென்னை இலயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற சி.கே. பிரகலாத். உலகின் வருமானப் பிரமிடின் அடித்தளத்தில் வாழும் சுமார் 400 கோடி மக்களை இரக்கத்துக்குரிய கூட்டமாகக் காணாமல், மதிக்கத்தக்க வாடிக்கையாளராகக் காணுங்கள் என்று பெருநிறுவனங்களிடம் அவர் வாதிட்டார். 2004-இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற நூலில் இடம்பெற்ற கள ஆய்வுகளைச் செய்தவர்கள் அவருடைய எம்.பி.ஏ. மாணவர்களே. பிரேசிலில் ஏழைகளுக்குத் தவணையில் வீட்டுப் பொருள்கள் விற்ற காசாஸ் பாயியா கடைகளையும், மெக்சிகோவில் சிறுகச் சிறுக வீடு கட்ட வகைசெய்த செமெக்ஸ் சிமென்ட் நிறுவனத்தையும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும், ஜெய்ப்பூர் செயற்கைக் காலையும் அந்த இளைஞர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். மாணவர் திட்டப்பணி என்றால் அலமாரியில் உறங்கும் தாள் என்று எண்ணுவோருக்கு அந்நூல் நல்ல மறுமொழி. நிறுவனங்கள் பல தங்கள் வழியை மாற்றிக்கொள்ள அது தூண்டியது.

ஆனால் அவரது எழுத்திலேயே நம்மை உறுத்தும் ஓரிடம் உண்டு. அதே 2004-இல் அவர் மற்றொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில், இந்தியாவில் தெருக்கூட்டும் இளம்பெண் ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வருகிறது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஃபேர் அண்ட் லவ்லி களிம்பைப் பயன்படுத்துகிறாள் அவள். தன் பெற்றோரின் தோலை வாட்டியதுபோல் வெயில் தன் தோலை வாட்டாது என்று பெருமைப்படுகிறாள். தனக்கேற்ற விலையில் தனக்கேற்ற பொருள் கிடைத்ததால் அவள் ஆற்றல் பெற்றாள் என்று கட்டுரை முடிவு கட்டுகிறது. அந்தப் பெண் சொன்னதை நாம் ஐயுறவில்லை. அவள் அப்படித்தான் உணர்ந்திருப்பாள். நம்மை உறுத்துவது வேறு. நாள் முழுதும் வெயிலில் நின்று தெருக்கூட்டுவதற்கு என்ன கூலி தருகிறார்கள், தலைக்கு நிழல் உண்டா, கறுப்பு நிறம் ஏன் உனக்குக் குறையாகத் தோன்றுகிறது, யார் அதைக் குறை என்று சொன்னார்கள் என்று அவளிடம் யாரேனும் கேட்டார்களா? களிம்பைப் பற்றிக் கேட்டால் களிம்பைப் பற்றித்தான் விடை வரும்.

இந்த உறுத்தல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரகலாத் கற்பித்த அதே மிச்சிகன் பள்ளியில் உடன் பேராசிரியராயிருந்த அனில் கர்னானி 2007-இல் இதை வெளிப்படையாகவே எழுதினார். ஏழையை நுகர்வோராகப் பார்ப்பதைவிட உற்பத்தி செய்பவராகப் பார்ப்பதே அவர் வறுமையைக் குறைக்கும், அவரிடம் விற்பதைவிட அவரிடமிருந்து வாங்குங்கள், வேலை கொடுங்கள் என்பது அவர் வாதம். அந்தக் களிம்பைப் பற்றியே அவர் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். மகனில்லையே என்று தந்தை வருந்த, மகள் களிம்பு பூசிச் சிவந்து விமானப் பணிப்பெண்ணாகி வருவதாகக் காட்டிய விளம்பரத்தை நம் மாதர் அமைப்புகள் எதிர்த்துப் போராட, 2003-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டதும் அதில் பேசப்பட்டது. 2020-இல் அந்தக் களிம்பின் பெயரே மாற்றப்பட்டது. ஒரே கட்டடத்தில் இரு பேராசிரியர்கள் இப்படி எதிரெதிரே நின்று வாதிட்டது அப்பள்ளிக்குப் பெருமை என்றே கொள்கிறோம். தெருக்கூட்டிய பெண்ணுக்கு மட்டும், தன்னைப் பற்றிக் கடலுக்கப்பால் இத்தனை பெரிய வழக்கு நடந்தது தெரிந்திருக்க வழியில்லை.

கற்பவர் ஏழையின் மேல் கற்றுக்கொள்வது புதிதன்று. நம் அரசு மருத்துவமனைகளில் தலைமுறை தலைமுறையாக அதுதான் நடக்கிறது. பொது வார்டில் படுத்திருக்கும் நோயாளியைச் சுற்றி வெள்ளை அங்கி அணிந்த பத்து மாணவர் நிற்பார்கள். ஒருவர் பின் ஒருவராக வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். கட்டணம் கொடுத்துத் தனியறையில் இருப்பவரை அப்படித் தொட எவரும் துணியார். இது நியாயமா என்ற கேள்வி மருத்துவ உலகில் நெடுநாளாக எழுப்பப்பட்டு, நோயாளியின் ஒப்புதல், பெரிய மருத்துவரின் கண்காணிப்பு என்று சில வரம்புகள் வகுக்கப்பட்டன. ஆயினும் அந்த ஏற்பாட்டை நாம் பொறுத்துக்கொள்வதற்கு அடிப்படைக் காரணம் வேறு. படுத்திருப்பவருக்கு அங்கே சிகிச்சை கிடைக்கிறது. மாணவர் அழுத்திப் பார்த்த அதே வயிற்றுக்குத்தான் மருந்தும் தரப்படுகிறது. கற்றலும் நலமும் ஒரே உடலில் சேர்கின்றன. மருத்துவக் கல்லூரி மாணவர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, நோயின் விவரத்தை அடுத்த ஊர் மருந்து வணிகருக்கு எழுதி அனுப்பி, நோயாளியிடம் ஒன்றும் சொல்லாமல் போவதைக் கற்பனை செய்து பாருங்கள். அதை மருத்துவக் கல்வி என்று எவரும் அழைக்க மாட்டார்.

அப்படியானால் நம் மண்டபத்தில் நடந்ததை என்னவென்று அழைப்பது? திருட்டு என்று சொல்ல நம் நா கூசுகிறது. கொடுத்தவர் விரும்பித்தான் கொடுத்தார். ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. பொய் சொன்னவர் எவருமிலர், மொழிபெயர்த்த நம்மைத் தவிர. பெயரில்லாத குறை ஒன்று அங்கே இருந்தது. ஒருவர் தம் வாழ்வைத் திறந்து காட்டும்போது, பார்த்தவருக்கு ஒரு கடன் ஏற்படுகிறது. அந்தக் கடன் அறிக்கையைப் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுபட்டது. உரியவருக்குக் கொடுபடவில்லை.

இங்கே இரகசியம் என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். திட்டப்பணியில் சேரும் மாணவர் பலர் தொடக்கத்திலேயே இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்கள். நிறுவனத்தின் விலைக்கணக்கு போட்டியாளருக்குத் தெரியக்கூடாது என்பது நியாயமே. ஆனால் கத்தோலிக்கர்களாகிய நமக்கு இரகசியத்தின் வேறொரு முகம் சிறுவயது முதலே தெரியும். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியிடார். அந்த மௌனம் பேசியவரைக் காக்கிறது. பேசியவரிடமிருந்தே மறைக்கும் மௌனம் எவரைக் காக்கிறது? மீன் விற்கும் தாய் சொன்ன கடன்கணக்கு, அறிக்கையில் ஒரு பட்டியலாகி, அவர் கண்ணில் படக்கூடாத இரகசியமாகிவிட்டது. அவருடைய சொந்தக் கணக்கு!

"நாங்கள் ஆலோசனைதான் சொன்னோம், முடிவெடுத்தது அவர்கள்" என்பது இத்தொழிலின் பழைய மறுமொழி. சிகாகோவில் கணக்கியல் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926-இல் தொடங்கிய ஆலோசனை நிறுவனம், 1950களில் அனுபவம் முதிர்ந்தவர்களை மட்டும் சேர்க்கும் வழக்கத்தை விட்டு, பள்ளியிலிருந்து நேராக வரும் எம்.பி.ஏ. இளைஞரைச் சேர்க்கத் தொடங்கியது. அதன் பிறகு இளைஞர் முதியவருக்கு ஆலோசனை சொல்வது ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. மாணவர் திட்டப்பணிகளும் ஒருவகையில் அத்தொழிலுக்கான ஒத்திகையே. அந்த நிறுவனம், ஆக்சிகான்டின் என்ற வலிநீக்கி மாத்திரையின் விற்பனையைப் பெருக்க அதைத் தயாரித்த பர்டூ நிறுவனத்துக்கு ஆலோசனை கூறியது. அத்தகைய மாத்திரைகளுக்கு அடிமையாகி அமெரிக்காவில் ஏராளமானோர் மாண்டனர். 2021-இல் அமெரிக்க மாநிலங்களுடன் சுமார் 57 கோடி டாலருக்கும், 2024 டிசம்பரில் மத்திய அரசுடன் 65 கோடி டாலருக்கும் ஆலோசனை நிறுவனம் உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. ஆலோசனை வெறும் சொல்லாக நிற்பதில்லை என்பதை வழக்கு மன்றங்களே ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

விவிலியம் அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. சாலமோனுக்குப் பின் அரியணை ஏறிய ரெகபெயாம், நுகத்தை எளிதாக்கும்படி மக்கள் செக்கேமில் வந்து கேட்டபோது, முதியோரின் அறிவுரையைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த இளைஞரின் ஆலோசனையைக் கேட்டான். நுகம் மேலும் கனத்தது. பத்துக் குலங்கள் பிரிந்தன. அதற்குப்பின் அனுப்பப்பட்ட வேலைக் கண்காணி அதோராமை மக்கள் கல்லெறிந்து கொன்றார்கள். அரசன் தேரேறித் தப்பினான். ஆலோசனை சொன்ன இளைஞருக்கு என்ன ஆயிற்று என்று அரசர் முதல் நூல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவர்கள் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் அந்த மௌனம்தான் நம் கண்ணில் படுகிறது. அவர்களும் அந்த மக்களை நேரில் கண்டிருப்பார்கள். செக்கேமில் திரண்டவர்களின் முறையீட்டைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அரசன் தங்களிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னார்கள்.

கேள்வியை எவர் வகுக்கிறாரோ அவரே விடையில் பாதியையும் வகுத்துவிடுகிறார். "இவர்களுக்கு வடிகட்டி விற்க முடியுமா?" என்பது ஒரு கேள்வி. "இந்த ஊருக்கு ஏன் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது?" என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பெண்கள் திரும்பத் திரும்பப் பேசினார்கள். நாமும் அதை ஒழுங்காக மொழிபெயர்த்தோம். மாணவர் அதைக் குறித்துக்கொண்டு, பணிவோடு, மீண்டும் வடிகட்டிக்கே வந்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஏழு வாரம், ஒரு கேள்வி, அதற்கு மதிப்பெண் என்று வகுத்துக் கொடுத்தபின் அவர்கள் வேறென்ன செய்ய முடியும்? 2009-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று வெளியேறிய எம்.பி.ஏ. மாணவர் நூற்றுக்கணக்கானோர், மருத்துவர்களைப்போல் தாங்களும் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சமூகத்தின் நலனுக்கு ஊறு செய்யாமல் தொழில் செய்வோம் என்று கையெழுத்திட்டார்கள். முந்திய ஆண்டின் நிதி நெருக்கடி அவர்கள் மனச்சான்றைத் தொட்டிருந்தது. நல்ல செயல். ஆனால் பட்டம் பெறும் நாளில் எடுக்கும் உறுதிமொழியைவிட, முதலாண்டில் ஒரு கிராமத்து மண்டபத்தில் பழகிக்கொள்ளும் பழக்கம் ஆழமாகப் பதியும் என்று ஆசிரியராயிருந்த நம் அனுபவம் சொல்கிறது. கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இருபத்தேழு வயதில் பழகிய கை, ஐம்பது வயதில் ஆலைகளை மூடும் தாளிலும் அதே எளிமையோடு கையெழுத்திடும்.

மதுரையை இங்கே நினைத்துக்கொள்கிறோம். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் வருவாயால் செலுத்த இயலாதோருக்கும் அதே அறுவை மருத்துவம் என்ற அதன் முறையை ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-இல் பாடமாக்கியது. அதன் பிறகு மேலாண்மை பயிலும் மாணவர் உலகெங்கும் அதைப் படித்து வருகிறார்கள். அங்கே நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், படிக்க வருபவருக்கு முன்னால் படிக்கப்படுபவர் குனிந்து நிற்பதில்லை. மருத்துவமனையே 1992-இல் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, பிற மருத்துவமனைகளுக்குத் தன் முறையைக் கற்றுக்கொடுக்கிறது, எதையும் மறைப்பதில்லை. கண்புரையோடு வந்த கிராமத்து முதியவரும் ஒரு கேள்வியோடுதான் வருகிறார்: பார்வை திரும்புமா? அறுவை முடிந்து கட்டு அவிழ்க்கும் காலையில் அவருக்கு விடை கிடைத்துவிடுகிறது. வந்து போகும் மாணவர் என்ன எழுதினாலும், அவருடைய கணக்கு அன்றே தீர்ந்துவிடுகிறது.

எல்லா ஊரிலும் அரவிந்த் இல்லை. மீனவப் பெண்களுக்கு அப்படியொரு நிறுவனம் முன்னால் நிற்பதில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு கேட்க வருபவர் மேல் விழுகிறது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள், அதே மண்டபத்தில், அதே பெண்களைக் கூட்டி, "நீங்கள் சொன்னவற்றுள் நாங்கள் புரிந்துகொண்டது இது; எங்களை அனுப்பியவர்களிடம் சொல்லப்போவது இது; இதில் தவறு உண்டா?" என்று தமிழில் ஒரே ஒரு தாளை வாசித்துக் காட்டலாம். நிறுவனத்தின் விலையும் போட்டியாளர் பெயரும் அதில் வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பெண்கள் சொன்னது, நிறுவனத்துக்குப் பயன்படாவிட்டாலும், அத்தாளில் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்கு அதைக் கொண்டுபோக அவர்களுக்குத் தெரியும். திருத்தம் சொன்னால் திருத்திக்கொள்ள வேண்டும். இதற்கு அரைநாள் பிடிக்கும். வாங்கும் மதிப்பெண்ணில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று பேராசிரியர் சொல்லிவிட்டால், மாணவர் கட்டாயம் செய்வார்கள். அவர்கள் மதிப்பெண்ணுக்காக எதையும் செய்வார்கள் என்பதை நாம் அறிவோம்.

அமெரிக்கப் பள்ளிகளுக்கு நம் குரல் எட்டப்போவதில்லை. ஆனால் மேலாண்மைக் கல்வி நம் வீட்டுக்கு வெளியே உள்ள பொருளன்று. ஜாம்ஷெட்பூரில் 1949 முதலும், சென்னை இலயோலா வளாகத்தில் 1979 முதலும் இயேசு சபையினரே அத்தகைய கல்லூரிகளை நடத்தி வருகிறார்கள். நம் பங்குகளிலிருந்து எம்.பி.ஏ. பயிலச் செல்லும் பிள்ளைகள் இன்று குறைவல்ல. பயிற்சிக்காலத்தில் ஏட்டோடும் கைப்பேசியோடும் ஏதேனும் ஒரு நிறுவனத்துக்காக ஏதேனும் ஒரு தெருவில் கதவைத் தட்டப்போகிறவர்கள் அவர்கள். வீட்டுக்கு வந்திருக்கும்போது, "யாரிடம் கேட்டாய்? அவர்களுக்குத் திரும்பப் போய்ச் சொன்னாயா?" என்று பெற்றோர் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு வரும் என்ற கேள்வியோடு சேர்த்தே கேட்கலாம்.

இதில் ஒரு தடையை நண்பர் ஒருவர் சொன்னார். வாசித்துக் காட்டினால் மக்கள் எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்வார்கள், பிறகு நிறுவனம் வராவிட்டால் ஏமாற்றம் மிகும் என்றார். அதில் உண்மை உண்டு. ஆனால் எதிர்பார்ப்பு, கேள்வி கேட்ட அன்றே பிறந்துவிட்டது. "வராமலும் போகலாம்" என்று நேரில் சொல்லிவிட்டுப் போவதற்கு, ஒன்றும் சொல்லாமல் போவதைவிட, அதிகத் துணிவு வேண்டும். அந்தத் துணிவும் மேலாண்மைப் பாடத்தில் சேராதா என்ன?

அந்தத் தாயைச் சந்தையில் இன்றும் காண்கிறோம். நாம் விலை கேட்கிறோம், அவர் சொல்கிறார், சில நாள் ஒரு மீன் கூடுதலாகப் போடுகிறார். அன்று கேட்டதை அவர் மறுபடி கேட்டதில்லை. தமிழில் அந்த ஒரு தாளை யார் எழுதித் தருவது என்று எந்தப் பேராசிரியராவது தயங்கினால், ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு இருவராவது இருக்கிறோம். கூலி வேண்டாம். இரண்டு வரியை மொழிபெயர்க்காமல் விட்ட பாக்கி நம்மிடம் இருக்கிறது.